சரவெடி வாங்காத ஊர்

கேள்வி: எதிர்பாராத நட்பு மனுஷனை இளக வைக்குமா? பட்டாசை நம்பிப் பிழைக்கும் ஊரிலிருந்து கேட்கிறேன்.
– ஒரு வாசகர், நாரணாபுரம்

பதில்: வைக்கும். ஆனால் உதாரணத்தைக் கேட்டால் நாரணாபுரத்தாருக்குக் கொஞ்சம் புளிக்கும்.

சிவகங்கை மாவட்டம், திருப்பத்தூர் பக்கம் கொள்ளுகுடிப்பட்டி. அந்த ஊர்க்காரர்களின் சிநேகிதர்கள் நத்தைகுத்தி நாரை, சாம்பல் நாரை, கரண்டிவாயன் வகையறா. மழைக்காலத்தில் வந்து கண்மாய் மரங்களில் கூடு கட்டுவார்கள். தீபாவளியும் அப்போதுதான் வந்து தொலைக்கும். வெடிச் சத்தத்தில் தாய்ப்பறவை மிரண்டு பறந்தால் முட்டையும் குஞ்சும் அம்போ! அதனால் பல பத்தாண்டுகளாக அங்கே யாரும் வெடி போடுவதில்லை. இந்தக் கண்மாய்ப் பகுதியை அரசு வேட்டங்குடி பறவைகள் சரணாலயமாக அறிவித்தது 1977-ல்.

தீபாவளிக்கு வனத்துறை இனிப்பு கொடுத்து நன்றி சொல்கிறது. வெடி கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளைகளைச் சமாளிக்கும் அம்மாக்களுக்கு விருதே கொடுக்கலாம்.

பறவைகளும் கணக்குத் தீர்க்காமல் கிளம்புவதில்லை. எச்சம் கலந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு உரம். தங்கிய வீட்டுக்கு வாடகை கொடுத்துவிட்டுப் போகும் விருந்தாளி நம்மில் யாருக்கு வாய்த்திருக்கிறார்?

நாரணாபுரத்தார் கலங்க வேண்டாம். கொள்ளுகுடிப்பட்டி வாங்காத சரவெடியையும் சேர்த்து வாங்கத்தான் சென்னை இருக்கிறதே!