நாலு போட்டால் ஒன்று தெரியும்

கார்டு இன்னும் மேசையில்தான் கிடக்கிறது. நாலு எஸ்.எஸ்.டி. போடலாம் என்று பெட்டியில் பொன்னெழுத்தில் அடித்திருக்கிறார்கள். நாலும் போட்டேன். கணினி ஒன்றைத்தான் காட்டுகிறது. கொழும்புக் கடைக்குப் போன் எடுத்தால், "கார்டு திறம் கார்டு அண்ணை, உங்கட மதர்போர்ட்தான் பிழை" என்கிறான் பெடியன். ஏ9 வீதியால் கிளிநொச்சி வந்த பொருளைத் திருப்பி அனுப்பும் செலவும் என்னுடையதாம்.

இப்படியான ஒரு என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. முழு வேகத்தில் ஓட பி.சி.ஐ.இ. பாதை 4 வேண்டும். மதர்போர்ட்டில் கார்டைச் செருகும் பெரிய ஸ்லொட்டில் 16 பாதை. கணக்கு சரி. ஆனால் இது ஒரே வாழையிலையில் நாலு பேரை இருத்துகிற பந்தி. இலையை நாலாகக் கிழிக்க மதர்போர்ட் சம்மதிக்க வேண்டும். பயோஸில் அதற்கு 'பைஃபர்கேஷன்' என்று பெயர். சம்மதமில்லையென்றால் முதலில் குந்தியவருக்கு மட்டும் சோறு.

சரி, கீழே இன்னொரு நீட்டு ஸ்லொட் இருக்கிறதே என்று ரோச் லைட் அடித்துப் பார்த்தேன். வெளியே 16இன் நீளம். உள்ளே கால்வாசிக்குத்தான் உலோகப் பற்கள், மிச்சம் வெறும் பிளாஸ்டிக். இதை எந்த விளம்பரத்திலாவது போடுகிறார்களா?

நாலும் ஒன்றாக ஓடினால் என்ன வேகம் வரும் என்று சொல்லத்தான் எழுதத் தொடங்கினேன். வருகிறேன். அதற்கு முதல், இவ்வளவு டிரைவ் எதற்கு என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். உங்கள் வீட்டு லாச்சியும் எனக்குத் தெரியும்.

நான் சாமத்தியவீடு, கலியாணவீடு வீடியோ எடுக்கிறவன். ஃபோர்-கேயில் 100 மெகாபிட்டுக்கு எடுத்தால் மணித்தியாலத்துக்கு 45 ஜிபி. கமராவும் ஒன்றல்ல. பிள்ளை பல்லக்கில் வருவதற்கு ஒன்று, ஆரத்தித் தட்டுக்கு ஒன்று, மேலே ட்ரோன். ட்ரோன் எடுத்ததில் பாதி தென்னை மட்டை. அழிக்கலாமா? கனடா மாமா மூன்று வருசம் கழித்து, "தம்பி, நான் றோல் கடிக்கேக்க எடுத்தனீர், அது எங்கே?" என்பார். சித்தி தன் பழைய சீலை தெரிந்த துண்டை வெட்டச் சொல்வா. அதையே பெரியம்மா தனியாக அனுப்பச் சொல்வா. ஐயர் போனில் கதைத்துக்கொண்டிருந்த காட்சியை ஐயரே கேட்டார். மூடி கழற்றாமல் ஓடிய முழுக் கறுப்புக் காட்சியொன்றும் இருக்கிறது. அதையும் அழிக்க விடவில்லை. பின்னால் அம்மம்மா இருமுகிறா.

2009 யுத்தத்தில் அல்பங்களைக் கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டு ஓடிய சனம் இது. அவர்களிடம் 'அழிக்கவா' என்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை. ஆனபடியால் டிரைவ் வாங்குகிறேன்.

இனி வேகம். "நாலையும் ரெயிட் சைபரில் போடுங்கோ மாமா, பறக்கும்" என்கிறான் மருமகன். பறக்கும்தான்; ஒவ்வொரு ஃபைலையும் துண்டுதுண்டாக நாலிலும் பிரித்து எழுதுகிற முறை அது. ஒன்று செத்தால் நாலிலும் உள்ள அவ்வளவு கலியாணமும் சேர்ந்து பறக்கும்.

கார்டு வாங்க நினைப்பவர்கள் மதர்போர்ட் கையேட்டில் அந்த ஸ்லொட்டுக்கு நேரே நாலு நாலாகப் பிரியும் என்று எழுதியிருந்தால் மட்டும் காசை எடுங்கள். பிரிக்கிற சிப்பைத் தன்னிலேயே வைத்திருக்கும் கார்டும் உண்டு; அதற்கு மதர்போர்ட்டின் சம்மதம் தேவையில்லை. அதன் விலையைக் கேட்பதென்றால் முதலில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருங்கள்.