ரெண்டு நிமிஷ நடை

மயிலாப்பூரா, வேளச்சேரியா என்று எங்கள் வீட்டில் மூன்று மாதம் பட்டிமன்றம். மயிலைக்கு மனைவி, வேளச்சேரிக்கு நான். நடுவராக வந்த புரோக்கருக்கு எந்த அணி ஜெயித்தாலும் ஒரு மாத வாடகை.

முதலில் மாட வீதிக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீடு. "கபாலி கோயில் ரெண்டு நிமிஷ நடை சார்" என்றார் புரோக்கர். வாடகையில் பாதி வீட்டுக்கு, மீதி அந்த ரெண்டு நிமிஷத்துக்கு என்பது தொகையைக் கேட்டதும் புரிந்தது. வீட்டுக்காரர், பெண் கொடுக்கப் போகிறவர் மாதிரி எங்களை விசாரித்தார்.

"சாப்பாடெல்லாம் எப்படி?"

"நல்லாவே சாப்பிடுவோம் சார்."

அவர் கேட்டது அளவை இல்லை என்று மனைவி முழங்கையால் தெரிவித்தாள்.

அட்வான்ஸ் பத்து மாதமாம். 2017-ல் வந்த வாடகைச் சட்டம் மூன்று மாதம்தானே சொல்கிறது என்று மெல்ல எடுத்துவிட்டேன். "அக்ரிமென்ட்ல வேற மாதிரி எழுதிக்கலாம்னும் அதே சட்டம் சொல்றதே" என்றார். மனிதர் படித்திருந்தார். கார் எங்கே நிறுத்த என்றதற்குத் தெருவைக் காட்டினார். தெரு தெரியவில்லை, கார்கள்தான் தெரிந்தன. பங்குனியில் அறுபத்து மூவர் அன்று சாமி வெளியே வரும், கார் வராது.

திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி வேளச்சேரியில் இறங்கினோம். இங்கே வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள்தான் கேட்டோம். "2015-ல தண்ணி எவ்வளவு வந்துச்சு?"

"நம்ம தெருவுல சுத்தமா வரலை சார். பக்கத்துத் தெருவுலதான்."

பக்கத்துத் தெருவில் போய் விசாரித்தோம். அங்கேயும் பக்கத்துத் தெருவில்தான் வந்ததாம். இங்கே ஏரி, கொஞ்சம் தள்ளிப் பள்ளிக்கரணைச் சதுப்பு; இந்த ஊரில் தண்ணீர்தான் சொந்த வீட்டுக்காரர். ஆனால் அது வந்து தங்கிய தெருவை மட்டும் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. காம்பவுண்டுச் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு. பெயின்டர் போட்ட டிசைனாம்.

வீடு இரண்டாவது மாடி. காருக்குக் கீழே இடம் உண்டு. "மழை வந்தா கார் என்னாகும்?" என்றாள் மனைவி.

வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. "மேம்பாலம் ரெண்டு நிமிஷம்தான் மேடம்!"

2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே அந்தப் பாலத்தில் வரிசைகட்டிய கார்களை டிவியில் பார்த்திருக்கிறோம். அட்வான்ஸைக் கொடுத்துவிட்டோம்.

மனைவி இப்போதும் ரயிலேறிக் கபாலியைப் பார்த்துவிட்டு வருகிறாள். ஐப்பசி பிறந்ததிலிருந்து வேண்டுதல் ஒன்றுதான்: பாலத்தில் ஓர் இடம் கிடைக்க வேண்டும்.