கேஸ் மாமா

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், முதலமடை என்று சித்தூர் தாலுகாவின் எல்லையோரத்தில் எந்த ஊரில் வேண்டுமானாலும் காரை நிறுத்துங்கள், கேஸ் மாமா ஒருவர் ஏறிக்கொள்வார். கல்யாணமோ, கருமாதியோ, கோயமுத்தூர் ஆஸ்பத்திரியோ, போகிற இடம் எதுவானாலும் அவருக்கு முன் சீட்டு. வயதுக்குத் தருகிற மரியாதை என்று நாம் நினைத்துக்கொள்வோம். அவர் அங்கே உட்காருவது டாஷ்போர்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக. வேட்டியைச் சரிசெய்து, துண்டை மடியில் போட்டு, சீட் பெல்ட்டைத் தேடுவதற்கு முன்பே மணிக்கட்டைத் திருப்பி ஏசி காற்று வரும் துவாரத்தில் வைத்துவிடுவார். கண் பாதி மூடும். வண்டிக்குள் பேச்சு நிற்கும்.

"கேஸ் போயிருச்சு மாப்ள."

நேற்று டெலிவரி எடுத்த வண்டியாக இருக்கலாம். ஷோரூமில் கட்டிய ரிப்பனைக்கூட இன்னும் அவிழ்க்காமல் இருக்கலாம். கேஸ் போயிருக்கும்.

அவரிடம் கார் கிடையாது. இருப்பது ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல். ஏசி இல்லாத காரணத்தால் அந்தத் தெருவிலேயே கேஸ் போகாத வண்டி அது ஒன்றுதான். அம்பாசடரின் முன்கதவில் இருந்த முக்கோணக் கண்ணாடியைத் திருப்பி வைத்துக் காற்று வாங்கிய தலைமுறை அவருடையது. அந்தக் கண்ணாடிக்குக் கேஸ் தேவைப்படவில்லை என்பதை வருத்தத்தோடுதான் சொல்வார்.

கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோவது என்பது மாமாவின் சித்தாந்தம். "உடுமலை வரைக்கும் ஏசி போட்டுட்டுப் போனா கால் கேஸ் காலி" என்று கணக்கே வைத்திருக்கிறார். உண்மையில் அது மூடிய குழாய்க்குள் சுற்றிச்சுற்றி வருவது. கம்ப்ரஸர் அழுத்துகிறது, முன்னால் இருக்கும் கண்டன்சரில் சூட்டைக் கொட்டிவிட்டுத் திரவமாகிறது, எக்ஸ்பேன்ஷன் வால்வின் சின்னத் துளை வழியே டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலுக்குள் புகுந்து ஆவியாகிறது, ஆவியாகும்போது வண்டிக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொண்டு மறுபடி கம்ப்ரஸருக்கே போகிறது. சின்னக் காரில் மொத்தமே அரைக் கிலோவுக்கு அக்கம்பக்கம்தான் இருக்கும். எத்தனை கிராம் என்பது பெரும்பாலும் பானட்டுக்கு அடியில் ஸ்டிக்கராகவே ஒட்டியிருக்கும். சட்டென்று அது குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைத் தேடாமல் கேஸை மட்டும் ஏற்றினால் அடுத்த கோடைக்குள் அதுவும் போய்விடும். மாமாவுக்கு அதில் நஷ்டமில்லை. அடுத்த கோடையிலும் அவர் சொன்னதுதானே பலித்தது!

இவரை நாம் சிரித்துத் தள்ளிவிடலாம். ஆனால் ஒரு தடவை அவர் சரியாகச் சொல்லித் தொலைத்துவிட்டார். அந்த ஒன்றுதான் அவரையும் கெடுத்தது, நம்மையும் கெடுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் காரில் இடது பக்கம் ஐஸ், வலது பக்கம் அடுப்பு. ஓட்டுபவர் வியர்த்து வழிய, பக்கத்தில் அவர் மனைவி சால்வை கேட்டார். மாமா மணிக்கட்டை நீட்டினார். "கேஸ் போயிருச்சு." பார்த்தால், நிஜமாகவே போயிருந்தது.

எப்படி என்று யாரோ கேட்டதற்கு அவர் சொன்ன விளக்கம்தான் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். "ஆழியாத்துத் தண்ணி மாதிரிதான் கண்ணு. மேல கொறைச்சு விட்டா மேமடைக்காரன் பாச்சிக்குவான், கடைமடை காயும்." பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி வர வேண்டும், வந்ததா வரவில்லையா என்று காலமெல்லாம் இரண்டு மாநிலமும் வாதாடுவதைக் கேட்டு வளர்ந்த சித்தூர்க்காரருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூலிங் காயிலுக்குள் நடப்பதும் அதேதான். கேஸ் குறைந்தால், உள்ளே வரும் கொஞ்சம் திரவமும் காயிலின் முதல் பாதியிலேயே ஆவியாகித் தீர்ந்துவிடும். அந்தப் பாதியைத் தொட்டு வரும் காற்று ஜில்லென்று இருக்கும். மறுபாதியைத் தொட்டு வருவது வெறும் காற்று. இடது வலது என்று குளிர் பிரிவதற்கு இது பெரிய காரணங்களில் ஒன்று. மாமா மணிக்கட்டால் கண்டுபிடித்தார் என்பதற்காக அது பொய்யாகிவிடாது.

வம்பு என்னவென்றால், ஒரு பக்கம் குளிர்ந்து ஒரு பக்கம் காய்வதற்கு வேறு காரணங்களும் இருக்கின்றன. சூரியனும் அதில் ஒன்று. தை மாதம் உடுமலைப்பேட்டையில் கல்யாணம் என்று காலையில் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கிளம்பினால் வண்டி கிழக்கே போகும். சூரியன் தென்கிழக்கில் நிற்பான். வெயில் முழுக்க வலது பக்கக் கண்ணாடியில். ஓட்டுகிற மச்சானுக்கு வலது கை வெந்துபோகும். அவருக்குப் பின்னால் உட்கார்ந்த அத்தை முந்தானையால் விசிறிக்கொள்வார். மாமா இரண்டு பக்கமும் கையை வைத்துப் பார்த்து, வலது பக்கக் கேஸ் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்வார். (வலது பக்கத்துக்கு என்று தனிக் கேஸ் எந்தக் கம்பெனியும் வைப்பதில்லை.) கல்யாணச் சாப்பாடு முடிந்து பிற்பகல் மேற்கே திரும்பி வரும்போது வெயில் இடது பக்கத்தில் விழும். இப்போது மாமாவுக்கு வியர்க்கிறது, மச்சானுக்குச் சுகம். கொஞ்ச நேரம் யோசிப்பார்.

"மாப்ள, கேஸ் அந்தப் பக்கம் எறங்கிருச்சு."

பாலக்காட்டுக் கணவாய் என்ற ஒன்று இருக்கிறதே, அதையும் மாமா கணக்கில் சேர்ப்பதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை ஏறக்குறைய 30 கிலோமீட்டருக்கு விட்டுக்கொடுத்த வாசல் அது. மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று அதன் வழியே அடித்துக்கொண்டு வரும். செம்மண், நெல் சுணை, பனையோலைத் தூள், வேப்பஞ்சருகு எல்லாம் அதோடு வரும். பாதி கண்டன்சரில் போய் ஒட்டும், பாதி கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஏசி ஃபில்டரில் அடையும். பங்குனியில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது ஏசி முனகுவது அதனால்தான். மச்சானின் ஃபில்டரை ஒரு முறை உருவியபோது உள்ளே ஒரு சின்ன வயல் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே, "இதெல்லாம் சரி, கேஸ் பாத்தீங்களா?" என்றார் மாமா.

ஏசி போட்டவுடன் வரும் ஒரு பூஞ்சை வாடையையும் அவர் கேஸ் வாசம் என்பார். அது ஈரக் காயிலில் பிடித்த பூஞ்சணம். இன்றைய கார்கள் பலவற்றில் இருக்கும் ஆர்134ஏவுக்கு மூக்கில் ஏறும்படி வாசம் ஒன்றும் கிடையாது. முன்பு ஆர்12 இருந்தது. ஓசோனைத் தின்கிறது என்று 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு உலகமே அதை விரட்டியது. எந்தக் கேஸ் வந்தாலும் எந்தக் கேஸ் போனாலும் மாமாவின் வைத்தியம் மாறியதில்லை.

வலது பக்கம் குளிராத மச்சானின் வண்டியை, ஏசி வேலைக்கென்றே கடை வைத்திருக்கும் ஒரு பையனிடம் கடைசியில் கொண்டுபோனார்கள். மலையாளத்துப் பையன், அதிகம் பேசமாட்டான். நீலம் சிவப்பு என்று இரண்டு மீட்டரை மாட்டினான், ஒவ்வொரு துவாரத்திலும் தெர்மாமீட்டரைச் செருகினான். இடது பக்கம் 8 டிகிரி, வலது பக்கம் 22. மாமா வெற்றிக் களிப்போடு துண்டை உதறினார். பையன் மீட்டரைப் பார்த்துவிட்டு, "சேட்டா, கேஸ் கரெக்ட் ஆணு" என்றான்.

அந்த மாதிரி ஒரு மௌனத்தை நான் அந்த ஒர்க்‌ஷாப்பில் பார்த்ததில்லை.

பையன் வலது பக்கக் குளிரைக் கூட்டினான், குறைத்தான். டாஷ்போர்டுக்குள் டக் டக் டக் என்று சத்தம். அந்த வண்டியில் ஓட்டுபவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் தனித்தனியாகக் குளிர் வைத்துக்கொள்ளலாம். அதற்காக இரண்டு பக்கமும் ஆளுக்கொரு சின்ன மடல், மடலைத் திருப்ப ஒரு சின்ன மோட்டார். குளிர்ந்த காற்றோடு இன்ஜின் சூட்டில் வந்த காற்றை எவ்வளவு கலப்பது என்று அந்த மடல்தான் முடிவு செய்யும். வலது மோட்டாரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்து, மடல் சூட்டுப் பக்கமே நின்றுவிட்டது. அந்த டக் டக் வாரக்கணக்கில் எல்லோர் காதிலும் விழுந்துகொண்டுதான் இருந்தது. பல்லி சொல்கிறது, போகிற காரியம் ஜெயம் என்று மாமா ஒவ்வொரு தடவையும் டாஷ்போர்டைத் தட்டிக்கொடுத்து வந்திருக்கிறார்.

இதற்கு முந்தி வேறொரு கடையில் மாமா பேச்சைக் கேட்டு, நிறைந்திருந்த கேஸுக்கு மேலே இன்னும் கொஞ்சம் ஏற்றியிருந்தார்கள். அளவு மிஞ்சினால் அழுத்தம் ஏறிக் குளிர் குறையத்தான் செய்யும். அந்த மீட்டரைப் பார்ப்பதற்கு முன்பே பையன் அதை இறக்கி, ஸ்டிக்கரில் போட்டிருந்த அளவுக்கு மறுபடி நிறைத்திருந்தான். அது மாமாவுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டோம். கேஸ் வேலைதான் நடந்தது என்று தெரிந்தால் அப்புறம் வீட்டில் இருக்க முடியாது.

மாமாவின் சாஸ்திரம் சமவெளியோடு சரி. உடுமலையிலிருந்து ஒன்பதாறு செக்போஸ்ட்டைத் தாண்டிச் சின்னாறு போய் மறுபடி கேரளத்துக்குள் நுழைந்து, மறையூர் வழியாக மூணாறு ஏறினால் அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு குறையும். சின்னாறு மழை மறைவுக் காடு, அதுவரை அனல். மறையூரில் வெல்லம் காய்ச்சும் வாசனையோடு இதமான காற்று. 1,500 மீட்டர் உயரத்து மூணாறில் மணிக்கட்டை எங்கே வைத்தாலும் ஜில்லென்றுதான் இருக்கும். நோய் இல்லாத ஊரில் மாமாவுக்கு என்ன வேலை?

அங்கே அவருக்கு நேர்மாறான இன்னொரு ஜாதி மனிதர் உண்டு. போடிமெட்டு, குமுளி மேடுகளில் ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றி இறக்கும் ஜீப்பின் டிரைவர் அண்ணன். ஜீப்புக்குப் படுதாதான் ஏசி. "மலையேத்தத்துல ஏசியப் போட்டா வண்டி எப்பிடிய்யா இழுக்கும்? கண்ணாடிய எறக்குங்க" என்பார். அது பாதிக்கு மேல் சரி. மழையும் மஞ்சுமாக இருக்கும் நாளில் மட்டும் அது செல்லாது. ஐந்து பேர் மூச்சு விட்ட காருக்குள் முன்கண்ணாடி வெளுத்துப் பாதை மறையும்போது, கண்ணாடியை இறக்கினால் சாரல், ஏற்றினால் இருட்டு. அப்படி ஒரு நாளில் கூட வந்த ஜீப் அண்ணன் பேப்பரால் துடைக்கச் சொன்னார். கேஸ் வீணாகும், ஏசியைப் போடாதே என்றார் மாமா. பின்சீட்டிலிருந்து அத்தை, "அந்த ஏசியப் போட்டுத் தொலைங்களே, பேரன் அப்பிடித்தானே பண்ணுவான்" என்றார். போட்டதும் கண்ணாடி தெளிந்தது. 1902இல் வில்லிஸ் கேரியர் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக ஏசியை உருவாக்கியதே காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான். மனிதர் குளிரக் குந்துவது பிறகு வந்த பழக்கம். அந்த வண்டியில் அத்தை சொன்னதை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மாமா துண்டைக் காதோடு சுற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

மாமாவுக்கு உண்மையான கவலை போன வருஷம்தான் வந்தது. மச்சான் மின்சாரக் கார் வாங்கினார். பெட்ரோல் இல்லை, இன்ஜின் இல்லை, பெல்ட் இல்லை, சைலன்ஸர் இல்லை. மாமா வண்டியைச் சுற்றி இரண்டு நடை நடந்தார், பானட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து அதே ஏசிப் பையனை நிறுத்தி மெதுவாகக் கேட்டார்.

"ஏந் தம்பி, இதுல கேஸ் உண்டா?"

"உண்டு மாமா. ஏசிக்குக் கேஸ்தான். பேட்டரி சூடானா அதையும் இந்தக் கேஸ்தான் குளிர வைக்கும்."

மாமா முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

"அப்ப நாளைக்கு வண்டியே ஓடாம நின்னாலும் கேஸாத்தான் இருக்கும்ங்கறே."