முந்நூறாம் நம்பர் அண்ணை

மயிலிட்டித் துறைமுகத்தில் காலையில் இரண்டு குரல்கள் எழும். ஒன்று மீன் ஏலம் கூறுகிறவருடையது. மற்றது, “அவுட்டடா! அது ஒரு சாண் வெளியிலை!” என்று வரும். முதலாவதைக் கேட்டால் அன்றைய விலை தெரியும். இரண்டாவதைக் கேட்டால் முந்நூறாம் நம்பர் அண்ணை வந்துவிட்டார் என்று தெரியும்.

பூவரசுக்குக் கீழே கவிழ்த்துப் போட்ட பழைய படகொன்றின் முதுகில் குந்தியிருப்பார். கையில் மூலை வெடித்த கைத்தொலைபேசி. அதில் பூமிப்பந்தின் அடுத்த பக்கத்து ஊர் ஒன்றில் இரண்டு பொடியன்கள் ரெனிஸ் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஒரே ஒரு கமெரா. வர்ணனை கிடையாது. பந்து படும் சத்தமும் நடுவரின் கொட்டாவியும் மட்டும் கேட்கும். வாங்கில்களில் எண்ணி ஏழு பேர். அதில் ஒருவர் நித்திரை, இன்னொருவர் ஆடுகிறவனின் தாயாக இருக்கவேண்டும். எட்டாவது பார்வையாளர் மயிலிட்டியில்.

அண்ணை ஒரு தனி ஆள் அல்லர். நாலைந்து பேரைச் சேர்த்துப் பிசைந்துதான் இந்த உருவத்தைப் பிடித்திருக்கிறேன். கொழும்பிலும் சென்னையிலும் ரொறன்ரோவிலும் இந்த இனத்தார் உண்டு. விம்பிள்டன் நடக்கும்போது இவர்கள் வீட்டு ரீவியில் வேறு ஏதாவது ஓடும். கேட்டால், “அது சனம் பாக்கிறது” என்பார்கள். அண்ணையின் எல்லை, உலகத் தரவரிசையில் நூறுக்கும் ஐந்நூறுக்கும் இடைப்பட்ட கடல். நூறுக்குள் போனவன் ‘காசுக்காரன்’. ஐந்நூறுக்கு அப்பால் நிற்பவன் ‘இன்னும் பழுக்கேல்லை’. முந்நூறு, முந்நூற்றிருபது என்று வந்தால் முகம் மலரும்.

மேற்கே காங்கேசன்துறை, கிழக்கே பலாலி. இந்த இரண்டுக்கும் நடுவில் பிறந்தவருக்கு ரெனிஸின் படிநிலையை மீனை வைத்துத்தான் விளக்க வரும். “கிராண்ட் ஸ்லாம் அறக்குளா. அதுக்குக் கீழை ஏரிபி சுற்றுப்போட்டி, அது விளைமீன். சலஞ்சர் சூடை. அதுக்கும் கீழை பதினையாயிரம் டொலர்ப் போட்டி இருக்கெல்லே, அது நெத்தலி. அறக்குளாவை ஆரும் தின்னலாம் தம்பி, காசிருந்தாச் சரி. சூடையிலை முள்ளெடுத்துத் தின்னப் பழகியிருக்கவேணும்.”

இந்தப் பழக்கம் அவருக்கு எப்படி ஒட்டியது என்பது ஒரு கதை. 1990 ஜூனில் போரில் மயிலிட்டி முழுதாக எழும்பி ஓடியது. அண்ணைக்கு அப்போது மீசை அரும்பும் வயது. படகில் இராமேஸ்வரம், பிறகு சென்னையில் வளசரவாக்கம், ஒரு செரொக்ஸ் கடையில் வேலை. 1997இல் நுங்கம்பாக்கத்துக்கு ஏரிபி போட்டி வந்தது. கடை முதலாளிக்கு யாரோ கொடுத்த ரிக்கெற் ஒன்று, முதலாளி ரெனிஸைக் கண்ணாலும் பார்க்காதவர் என்பதால், இவர் கைக்கு வந்தது. பெரிய ஆட்கள் ஆடாத ஆரம்ப நாள் ரிக்கெற். பெரிய அரங்கில் இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்துச் சின்னக் களத்துக்குப் போனார். அங்கே கம்பிவலைக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், ஒரு வெள்ளைக்காரன் தோற்றுக்கொண்டு தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்தான். “என்னைப் போலை ஒருத்தன் எண்டு நினைச்சன்” என்கிறார். அன்று ஒட்டியது.

அதன் பிறகு வருடா வருடம் அண்ணை நுங்கம்பாக்கத்தில் நின்றார். ஆனால் எல்லோரும் பார்த்ததை அவர் பார்த்ததில்லை. 2004ஐ எடுங்கள். பதினேழு வயது ரஃபேல் நடால், ரொம்மி ரொப்ரேடோவுடன் சேர்ந்து இரட்டையர் பட்டம் வென்ற வருடம். அதை இன்றும் சென்னைக்காரர் சொல்லிப் பெருமைப்படுவார்கள். அதே வாரம் ஒற்றையரில் நடாலைத் தோற்கடித்தவர் தியரி அசியோன் என்ற பிரெஞ்சுக்காரர். அண்ணை அசியோனின் கட்சி. “நடாலை உலகமே பாத்தது. அசியோனை ஆர் பாத்தது? நான் பாத்தன்.” இதைச் சொல்லும்போது ஒரு கோயிலைக் கட்டி முடித்தவரின் களை முகத்தில் இருக்கும்.

நடாலை அவர் எப்போது கைவிட்டார் என்று கேட்டேன். “அடுத்த வருசமே. பிரெஞ்சு ஓப்பின் வெண்டிட்டான். அதுக்குப் பிறகு நான் எதுக்கு?”

இதுதான் இந்த இனத்தின் அடிப்படைக் குணம். ஊரறியாத ஒருவனை வளர்ப்பார்கள், வளர்ந்ததும் கோபித்துக்கொள்வார்கள். 2017 ஜனவரியில் சென்னையில் நடந்த இறுதியாட்டத்தில் ரொபேர்ட்டோ பௌட்டிஸ்டா அகுட்டிடம் தோற்ற நெட்டைப் பொடியன் ஒருவன் அண்ணைக்கு மிகவும் பிடித்துப் போனான். டானியல் மெட்வடேவ் என்று பேர். அவன் 2021இல் அமெரிக்க ஓப்பினை வென்று, அடுத்த வருடம் உலகின் முதலாம் இடத்துக்கும் போய்விட்டான். அந்த இடத்தில் கதையை நிறுத்தி, “சரி, நல்லா இருக்கட்டும்” என்பார் அண்ணை. வெளிநாடு போய்ப் பணம் அனுப்பாத தம்பியைப் பற்றிச் சொல்லும் தொனி.

அந்த 2017தான் சென்னைப் போட்டியின் கடைசி வருடம்; அடுத்த வருடம் அது பூனேக்குப் போய்விட்டது. அதே வருடம் ஜூலை 3ஆம் திகதி, இருபத்தேழு வருடங்களுக்குப் பிறகு, மயிலிட்டித் துறைமுகத்தை இராணுவம் விட்டுக்கொடுத்தது. அண்ணை பெட்டியைக் கட்டினார். இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டு, ஊரை இழந்தவன் தோற்கிறவனைத் தேடுகிறான் என்று உருக்கமாக எழுதிவிடலாம். ஒருமுறை அவரிடமே சொல்லிப் பார்த்தேன். “உதெல்லாம் மேடையிலை பேசுறதுக்குச் சரி. எனக்கு அண்டைக்கு ஓசி ரிக்கெற் கிடைச்சது, அவ்வளவுதான்” என்றார்.

மீள்குடியேறிய பிறகு அவருடைய ரெனிஸ் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. சலஞ்சர் ஆட்டங்களை ஏரிபியின் இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இலவசம் என்றது எங்கள் சனத்துக்கு எவ்வளவு பெரிய தத்துவம் என்று சொல்லத் தேவையில்லை. ஐரோப்பிய ஆட்டம் பின்னேரம். அமெரிக்க ஆட்டம் சாமத்தில் தொடங்கிக் காலை வரை. வர்ணனை இல்லாத குறையை அண்ணை தானே தீர்த்துக்கொள்கிறார். “கைப்புறம் அடிக்கிறான்… வலையிலை… அட சீ… இவனுக்கு மச்சம் கிடக்கு, மூளைதான் இல்லை.” இரவு இரண்டு மணிக்கு இது பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். அவருடைய மனைவி, எங்கள் அக்கா, ஒருநாள் பொறுமை இழந்து, “இஞ்சாருங்கோ, உந்தப் பிள்ளைக்குத் தாய் தேப்பன் இல்லையே? அவை நித்திரை கொள்ளுகினம், நீங்கள் ஏன் முழிச்சிருக்கிறியள்?” என்று கேட்டா. அண்ணையிடம் பதில் இல்லை. அப்போது அவன் ஐந்துக்கு நாலில் சேர்வீஸ் போட்டுக்கொண்டிருந்தான்.

அவருடைய உண்மையான இலக்கியம் கணக்கு. பதினையாயிரம் டொலர்ப் போட்டியில் பிரதான சுற்றுக்கு 32 பேர். வெல்கிறவனுக்கு 2,160 டொலர். முதற்சுற்றில் தோற்பவனுக்கு 156 டொலர். அதிலும் வரி கழியும். துனீசியாவின் மொனாஸ்ரிரில் இந்த நெத்தலிப் போட்டி வாரா வாரம் நடக்கிறது; இருபது வயதுப் பிள்ளைகள் மாதக்கணக்கில் அங்கேயே கிடந்து ஆடுகிறார்கள். அண்ணை துறைமுகத்தில் தொழிலாளிகளைக் கூட்டி வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுவார். “156இலை ஹோட்டல் காசைக் கழி. மட்டைக்கு நரம்பு மாத்தின காசைக் கழி. சாப்பாடு. என்ன மிச்சம்?” ஒரு கிழவர் சாவகாசமாகச் சொன்னார்: “டீசல் காசுக்கும் காணாது. உவன் ஏன் கடலுக்குப் போறான்?” அண்ணைக்குத் தன் வாழ்நாளில் கிடைத்த மிகச் சிறந்த ரெனிஸ் விமர்சனம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

2023இல் இந்தியாவின் முதல்நிலை வீரர் சுமித் நாகல், தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் மிச்சம் என்று செய்தியாளரிடம் சொன்னார். ஊர் உலகம் இரங்கியது. அண்ணை இரங்கவில்லை. “தொளாயிரமோ? அப்ப இன்னும் ஒரு மாசத்துக்கு ஆடலாம்” என்று நிம்மதிப்பட்டார். அவர் சொன்னது சரிதான். நான்கு மாதம் கழித்து அவுஸ்திரேலிய ஓப்பினில் தகுதிச் சுற்றால் ஏறி வந்த நாகல், போட்டியில் 31ஆம் தரநிலை பெற்ற புப்ளிக்கைத் தோற்கடித்தார். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் தரநிலை பெற்ற ஒருவரை ஓர் இந்தியர் வென்றது, 1989இல் சென்னையின் ரமேஷ் கிருஷ்ணன் மட்ஸ் விலாண்டரை வென்றதற்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

சென்னை வீரர்களை ஆதரிப்பதில் அண்ணைக்கு ஊரில் ஒரு சிக்கல் உண்டு. துறைமுகத்தின் ஒரு பக்கத்தில், எல்லை தாண்டி வந்து பிடிபட்ட தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. வலை அறுபட்டவர்கள் அவற்றைப் பார்த்துக்கொண்டுதான் கடலுக்குப் போய் வருகிறார்கள். அந்தச் சூழலில் அண்ணை சென்னைக்காரர் ராம்குமார் ராமநாதனுக்குக் கைதட்டினால் என்ன நடக்கும்?

“என்ன அண்ணை, வலை அறுத்தவங்களின்ரை ஆளுக்கே கைதட்டுறியள்?”

“டேய், ராம்குமார் றோலர் ஓட்டினவனே? அவன் சலஞ்சர் இறுதியாட்டம் ஆறு தோத்தவன். ஆறு!”

ஆறு என்றதும் கேட்டவர் கொஞ்சம் இளகினார். 2021 நவம்பரில் மனாமாவில் ஏழாவது தடவையில் ராம்குமார் வென்றதை அண்ணை சொல்லவில்லை. வென்ற கதை அனுதாபத்தைக் கெடுக்கும் என்று அவருக்குத் தெரியும்.

அண்ணையின் வாழ்க்கையில் திருவிழா என்றால் அது 2024. பெப்ரவரியில் சென்னை சலஞ்சர். இறுதியாட்டத்தில் நாகல், லூக்கா நார்டி என்ற இத்தாலியப் பொடியனை 6–1, 6–4 என்று உருட்டிவிட்டு முதல் நூறுக்குள் போய்விட்டார். நூறுக்குள் போனவன் காசுக்காரன் அல்லவா? அன்றைக்கே அண்ணையின் பாசம் நார்டியிடம் மாறிவிட்டது. இது நடந்து ஒரு மாதம். இண்டியன் வெல்ஸ் தகுதிச் சுற்றில் நார்டி தோற்றார். ஆனால் யாரோ ஒருவர் விலக, தோற்றவர்களில் ஒருவராக உள்ளே எடுக்கப்பட்டார். ரெனிஸில் இப்படி வருகிறவனை ‘லக்கி லூசர்’ என்பார்கள். அண்ணையின் மொழிபெயர்ப்பு: “தோத்தாப் பிறகும் பந்தியிலை இலை கிடைச்சவன்.”

அந்த இலையில் பரிமாறப்பட்டவர் உலகின் முதலாம் நிலை வீரர் நோவாக் ஜோகோவிச். மார்ச் 12, எங்கள் நேரம் காலை. உலகத்தில் 123ஆவது இடத்தில் நின்ற நார்டி 6–4, 3–6, 6–3 என்று ஜோகோவிச்சைத் தோற்கடித்துவிட்டார். சின்ன வயதில் தன் அறைச் சுவரில் ஜோகோவிச்சின் படத்தை ஒட்டி வைத்திருந்த பிள்ளை.

பூவரசடியில் அண்ணை எழும்பி நின்றார். சாரத்தை இறுக்கிக் கட்டினார். ஏலம் கூறுகிறவர், யாரோ பெரிய விலை கேட்கிறார் என்று நினைத்து இவர் பக்கம் திரும்பினார். “சென்னையிலை தோத்தவனடா! போன மாசம் சென்னையிலை தோத்தவன்!” என்று அண்ணை கத்தினார். அங்கே நின்ற ஒருவருக்கும் நார்டி யாரென்று தெரியாது. ஜோகோவிச்சைத் தெரிந்தவர் இரண்டு பேர். இருந்தாலும் ஒருவர் நல்ல சூடையாகப் பார்த்து இரண்டு கையளவு அள்ளிக் கொடுத்தார். சந்தோசமாக நிற்கிற மனிதனை வெறுங்கையோடு அனுப்புகிற பழக்கம் துறைமுகத்தில் இல்லை.

மத்தியானம் சூடைப் பொரியலுக்கு அவர் வீட்டுக்குப் போனேன். மனிதர் சோர்ந்து போயிருந்தார். என்ன என்று கேட்டேன். “இனி அவன் மேலை போடுவானடா. நூறுக்குள்ளை போடுவான். அதுக்குப் பிறகு நான் ஆரைப் பாக்கிறது?” தீவிரமாகத்தான் சொன்னார். வாழ்நாளின் மிகப் பெரிய வெற்றியை இழவு வீடாக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

நார்டி அடுத்த சுற்றிலேயே ரொம்மி போலிடம் தோற்றார். அன்று அண்ணையைக் கண்டபோது முகம் தெளிந்திருந்தது. “அவன் எங்கட ஆள்தான்” என்றார்.

நீங்கள் வலிகாமம் வடக்குப் பக்கம் போனால் துறைமுகத்தடியில் ஒரு பூவரசைத் தேடுங்கள். விம்பிள்டனை வென்றது யார் என்று மட்டும் அண்ணையிடம் கேட்டுவிடாதீர்கள். அவருக்குத் தெரியாது, கேட்டதற்காக உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார். அசியோனைப் பற்றிக் கேளுங்கள். கையில் இரண்டு மணித்தியாலம் வைத்துக்கொண்டு கேளுங்கள்.