பெயிலானவுக நடத்துன பள்ளிக்கூடம்

ஏண்டா அப்பு, குரூப் 4 ரிசல்ட்டு வந்ததுல இருந்து மொகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டே திரியுற? உங்க அப்பத்தா வேற, பேரன் சோறு திங்கலைன்னு ஒரே பொலம்பல். நேத்து ராத்திரி அடுப்படியில கொழம்புச் சட்டி நகண்ட சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அவகிட்ட நான் சொல்லலை.

இந்த வீட்டுல டெஸ்ட்டு இல்லாத ஆளு யாருடா? லைசென்ஸுக்கு உங்கப்பன் எட்டுப் போட்டான். பாதியில காலை ஊண்டிப்புட்டு ரோட்டைக் கொறை சொன்னான். தோட்டத்து மண்ணுக்கு டெஸ்ட்டு. உன் தங்கச்சிக்கு வாரம் தவறாம சிலிப் டெஸ்ட்டு. மேலத்தெரு மாமன் டிவி முன்னாடி அஞ்சு நாளாக் குத்தவச்சுக் கெடக்கானே, அதுவும் டெஸ்ட்டாம். அஞ்சு நாளு வெளாண்டுட்டு, யாரும் ஜெயிக்கலைன்னு கையக் குடுத்துட்டுக் கெளம்பிருறாக. அவுகள்லாம் கஞ்சி குடிக்காமயா கெடக்காக?

உன் வினாத்தாளை எடுத்துப் பாத்தேன். 200 கேள்வி, 300 மார்க்கு, 3 மணி நேரம். அது கெடக்கட்டும். நாலு விடைக்கு அடுத்தாப்புல அஞ்சாவதா ஒண்ணு வச்சிருக்கானே, ‘விடை தெரியவில்லை’ன்னு, அதை யோசிச்சவனுக்கு மாலை போடணும்டா. தெரியாட்டி அந்த வட்டத்தைக் கருப்பா நெரப்பணும், சும்மா விட்டா மார்க்கைக் கழிச்சிருவாங்கன்னு உன் தங்கச்சி வாசிச்சுக் காட்டுனா. தெரியலைங்கிறதை இம்புட்டு மரியாதையாக் கேட்டு வாங்குற எடம் வேற எங்கிட்டு இருக்கு? அதே தாளை ஆலமரத்தடிப் பெருசுககிட்டக் குடுத்துப் பாரு. ஒருத்தன் அந்த அஞ்சாவது வட்டத்துக்கிட்டப் பேனாவைக் கொண்டு போவானா? நானும் போக மாட்டேன்னு வையி.

என் கதையைக் கேளு. சுகர் டெஸ்ட்டுன்னா மூணு நாளைக்கு முந்தியே நான் சாமியாரு. கேப்பைக் களி, அகத்திக்கீரை, சீனி இல்லாத டீ. ரிசல்ட்டைப் பாத்துட்டு டாக்டரம்மா, வெரிகுட் தாத்தாம்பாக. வெளிய வந்ததும் நாகமலை புதுக்கோட்டையில ரெண்டு பால்பன்னு. போன தடவை அந்தம்மா வேற டெஸ்ட்டு எழுதிக் குடுத்துருச்சு, மூணு மாசச் சக்கரைன்னு. ரத்தத்துல இருக்குற செவப்பணு ஒண்ணு 120 நாளு வாக்குல உசுரோட கெடக்குமாம். அம்புட்டு நாளும் அது மேல ஒட்டுன சக்கரை விட்டுப் போகாதாம். சித்திரைத் திருவிழாவுல குடிச்ச ஜிகர்தண்டா வரைக்கும் எந்திரிச்சு வந்து சாட்சி சொல்லிருச்சுடா! நீயும் என் பேரன்தானே? பரீட்சைக்கு முந்துன வாரம் மட்டும் விடிய விடிய லைட்டு எரிஞ்சுச்சு. மத்த நாளு எல்லாம் உன் கையில என்ன இருந்துச்சுன்னு நான் சொல்லணுமா?

சரி, தோத்தா என்ன ஆகும்னு தெரியணும்ல, அந்தா சமணர் மலையைப் பாரு. மதுரையில நடந்ததுலயே பெரிய டெஸ்ட்டு அனல்வாதமும் புனல்வாதமுந்தான். ஏழாம் நூத்தாண்டுக் கதை. கூன்பாண்டியன் முன்னாடி சம்பந்தரு ஒரு பக்கம், சமணருக ஒரு பக்கம். சம்பந்தர் ஏடு தீயில வேகலை, இவுக ஏடு சாம்பலாப் போச்சு. வைகையில விட்டா, அவரு ஏடு வெள்ளத்தை எதுத்து ஏறித் திருவேடகத்துல ஒதுங்குச்சு. இவுக ஏடு தண்ணி போன தெசையில போச்சு. ஏடுன்னா தண்ணியோடதானடா போகும்? ஆனா அன்னைக்கு அதுக்குப் பேரு பெயிலு. 8000 சமணரு கழு ஏறுனதாப் பெரியபுராணம் சொல்லுது.

அம்புட்டோட அவுக சோலி முடிஞ்சிருந்தா, எரநூறு முந்நூறு வருசம் கழிச்சு நம்ம மலையில உளி புடிக்கச் சொன்னது யாரு? செட்டிப்புடவுல நீளக் காதோட ஒக்காந்திருக்காரே, நம்ம சனம் செட்டியாருன்னு சொல்லுதே, அவரு மகாவீரரு. அடியில வட்டெழுத்துல வெட்டியிருக்கு: பள்ளிக்குப் பெரியவரு குணசேனதேவரு, அவருகிட்டப் படிச்ச தெய்வபலதேவரு செய்விச்ச செலைன்னு. பேச்சிப்பள்ளத்துக்கு ஏறிப் போ, பாறையில வரிசையாத் தீர்த்தங்கரருக. அங்கிட்டும் குறண்டிங்கிற ஊருச் சமணப் பள்ளி ஆளுக பேருகதான். ராசா முன்னாடி பெயிலான கூட்டம் வாத்தியாரு, மாணாக்கருன்னு பள்ளிக்கூடம் நடத்தியிருக்குடா. நீ ஒரு தாளுல போனதுக்குப் பாயைச் சுருட்டாமப் படுத்துக் கெடக்க.

எந்திரி. அடுத்த அறிவிப்பு வந்ததும் ஃபாரத்தைப் போடு. அதுவரைக்கும் காலையில என்கூடக் களையெடுக்க வா, சாயங்காலம் படி, அந்தச் செல்போனை அப்பத்தாகிட்டக் குடுத்து வையி. இப்ப சைக்கிளை எடுத்துக்கிட்டுப் புதுக்கோட்டை வரைக்கும் போயி ரெண்டு பால்பன்னு வாங்கியா. யாருக்குடான்னு உங்க அப்பத்தா மறிச்சுக் கேப்பா.

அஞ்சாவது வட்டத்தை நெரப்பிரு.