சர்வர் எங்கே காத்திருக்கிறது? – கேள்வி பதில்

கே: எங்கள் தோட்டப்பள்ளி முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஆண்டு மலர்கள், திருவிழாப் படங்கள், பெரியவர்களின் பேட்டி வீடியோக்கள் எல்லாவற்றையும் மூன்று பழைய கணினிகளில் க்ளஸ்டர்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளைப் போட்டு வைத்திருக்கிறோம். ஒருவர் வீடியோ பார்த்தால் ஓடுகிறது, பத்துப் பேர் பார்த்தால் திக்குகிறது. புதுக் கணினி வாங்கலாமா?
– ஜாசின் வாசகர்

ப: பணத்தைப் பையிலேயே வையுங்கள். முதலில் வட்டின் கணக்கைப் பார்ப்போம். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க், ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவ ஏறக்குறைய 12 மில்லிவினாடி எடுக்கும். ஒருவர் பார்க்கும்போது தாவல் குறைவு. பத்துப் பேர் பத்து வீடியோ கேட்டால் வட்டின் முள் பத்து இடத்துக்கும் ஓடுகிறது. லினக்ஸ் முன்கூட்டிப் படித்து வைக்கும் அளவு வழக்கமாக 128 கிலோபைட். நொடிக்கு 150 மெகாபைட் தரக்கூடிய வட்டுக்கு அதைப் படிக்க 1 மில்லிவினாடிகூட ஆகாது. ஆக, 12 பங்கு ஓட்டம், 1 பங்கு வேலை. நொடிக்குக் கிடைப்பது 10 மெகாபைட்தான்.

முன்கூட்டிப் படிக்கும் அந்த அளவை 4 மெகாபைட்டாக உயர்த்திப் பாருங்கள். ஒரு தாவலுக்கு 27 மில்லிவினாடி படிப்பு கிடைக்கும். கணக்குப்படி அதே பழைய வட்டு நொடிக்கு 100 மெகாபைட்டைத் தொடும். இதைச் செய்ய வேண்டியது தரவு வைத்திருக்கும் மூன்று கணினிகளிலும். பார்ப்பவரின் மடிக்கணினியில் மாற்றிவிட்டு உட்கார்ந்தால் வட்டுக்குச் சேதி போகாது.

கே: அப்படியானால் இன்னும் ஏற்றி 64 மெகாபைட் வைத்தால்?
– மஸ்ஜித் தானா வாசகி

ப: வேண்டாம். யாரும் கேட்காததை எல்லாம் படித்து நினைவகத்தை நிரப்பும். சின்னச் சின்னப் படங்களைத் தேடி எடுப்பவருக்கு அது வெறும் சுமை. ஏற்றுங்கள், அளந்து பாருங்கள், பலன் நின்ற இடத்தில் நிறுத்துங்கள்.

கே: வீடியோ சரியாகிவிட்டது. ஆனால் ஆயிரக்கணக்கான சிறு படங்கள் உள்ள கோப்புறையைத் திறந்தால் மட்டும் ஊர்கிறதே?
– மெர்லிமாவ் வாசகர்

ப: தோட்டத்தில் ரப்பர் பால் நிறுக்கும் கிராணியின் மேசை நினைவிருக்கிறதா? எல்லா வாளியும் அந்த ஒரு மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். லஸ்டர் போன்ற அமைப்புகளில் அப்படி ஒரு மெட்டாடேட்டா சர்வர் உண்டு: கோப்பு எங்கே இருக்கிறது என்று அது சொல்லும், பிறகு தரவு சர்வரிடம் நேரே வாங்கிக்கொள்ளலாம். க்ளஸ்டர்எஃப்எஸ் அந்த மேசையையே எடுத்துவிட்டது. கோப்பின் பெயரை வைத்துக் கணக்குப் போட்டே இருப்பிடத்தைக் கண்டுபிடிக்கிறது. பெரிய கோப்புக்கு இது வரம். சிறு கோப்புக்கோ, திறக்கும் முன் ஒவ்வொரு நகலையும் விசாரிக்கிற நேரம்தான் படிக்கிற நேரத்தைவிட அதிகம். ‘குயிக்-ரீட்’ வசதி இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சிறு கோப்பின் உள்ளடக்கத்தை அந்த விசாரணையோடு சேர்த்தே கொண்டுவந்துவிடும்.

கே: முதல் முறை மெதுவாக வந்தது, இரண்டாம் முறை பறந்தது. சரியாகிவிட்டதா?
– அலோர் காஜா வாசகர்

ப: இல்லை. இரண்டாம் முறை வந்தது நினைவகத்திலிருந்து, வட்டிலிருந்து அல்ல. கேஷைக் காலி செய்துவிட்டு, நினைவகத்தைவிடப் பெரிய கோப்பை வைத்து அளந்தால்தான் உண்மை தெரியும்.

கே: என்ன செய்தாலும் நொடிக்கு 12 மெகாபைட்டைத் தாண்டவில்லை.
– பத்து பெரண்டாம் வாசகர்

ப: கேபிளை மாற்றுங்கள். கிகாபிட் இணைப்பு 125 மெகாபைட் வரை தரும். உள்ளே ஒரு கம்பி அறுந்தால் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடக்கூடும். 100 மெகாபிட்டின் உச்சம் 12.5தான்.

கே: இதெல்லாம் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எட்டுமா?
– புக்கிட் அசஹான் வாசகி

ப: அம்மா, நீங்கள் கேட்கும் இந்த மென்பொருளே ஒரு தமிழர் தொடங்கியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி, 2004இல் உலகின் இரண்டாவது வேகமான கணினியாக வந்த ‘தண்டர்’ உருவாக்கத்தில் பங்கு வகித்தவர். 2005இல் க்ளஸ்டர் நிறுவனம் பிறந்தது. 2011இல் ரெட் ஹேட் நிறுவனம் அதை ஏறத்தாழ 136 மில்லியன் டாலருக்கு வாங்கியது. டுரியான் துங்கலில் யூடெம் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஆயர் குரோ பக்கம் மல்டிமீடியா பல்கலைக்கழகம் இருக்கிறது. பிள்ளையைத் தயங்காமல் அனுப்புங்கள்.

கே: அப்படியென்றால் புதிதாகத் தொடங்குகிறவர்களும் க்ளஸ்டரையே போடலாமா?
– டுரியான் துங்கல் மாணவர்

ப: ரெட் ஹேட் தன் க்ளஸ்டர் ஸ்டோரேஜ் ஆதரவை 2024 டிசம்பரோடு முடித்துக்கொண்டது. புதிதாகத் தொடங்கும் தம்பி ‘செஃப்’ என்ற அமைப்பைப் படிக்கலாம். ஓடுகிறதை அவசரமாகப் பிடுங்க வேண்டியதில்லை.

கே: மூன்று கணினியிலும் நகல் இருக்கிறது. இனிக் கவலை இல்லைதானே?
– ஜாசின் வாசகர், மறுபடியும்

ப: இருக்கிறது ஐயா. ஒருவர் தவறி அழித்தால் மூன்றிலும் சேர்ந்தே அழியும். 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்ட மலாக்கா மாநிலம் இது. அந்தப் பால்மரக் காலத்தைச் சொல்ல உங்களிடம் இருப்பது இந்தப் பேட்டிகள்தான். பேசிய பெரியவர்களை மறுபடி உட்கார வைத்துப் பதிவு செய்ய முடியாது. எல்லாவற்றையும் ஒரு தனி வட்டில் எடுத்து, வேறொரு ஊரில் இருக்கும் நண்பர் வீட்டில் கொடுத்து வையுங்கள். வேகத்தை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.