தோட்டாக்காரர்

"பன்னெண்டு போரா, முப்பத்திரண்டா? நீங்களே சொல்லுங்க" என்று போடிநாயக்கனூரில் ஒருவர் உங்கள் கையைப் பிடித்து நிறுத்தினால், கிணற்றை நினைத்துக்கொண்டு பதில் சொல்லிவிடக் கூடாது. ஊருக்குப் புதிதாக வந்த பாங்க் மேனேஜர் ஒருவர், "எத்தனை அடியில தண்ணி வந்துச்சு சார்?" என்று கேட்டுவிட்டார். அன்று முதல் அவருக்குத் தோட்டாக்காரரின் மரியாதையும் கிடையாது, டெபாசிட்டும் கிடையாது.

தோட்டாக்காரர் என்பது ஊர் வைத்த பெயர். பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டம், போடியில் மாடி வீடு, தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி, அதற்கு லைசென்ஸ் புத்தகம். இந்த நான்கும் சேர்ந்தால் தோட்டாக்காரர். இதில் முதல் மூன்றைப் பற்றி அவர் பேசமாட்டார் என்று நினைக்காதீர்கள்; நான்காவதைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். சட்டைப்பையில் அதன் நகல் நாலாக மடித்து இருக்கும். ஆதார் கேட்கிற இடத்தில் அதை எடுத்து நீட்டுவார்.

துப்பாக்கி இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தில் செய்த கிரீனர், பன்னிரண்டு போர்; போர் என்றால் குழலின் அளவு. மலையில் தோட்டம் போட்ட துரை ஒருவர் கப்பல் ஏறும்போது தாத்தாவிடம் விற்றுவிட்டுப் போனதாம். எண்பதுகளின் நடுவிலிருந்து தனியார் யாரும் வெளிநாட்டுத் துப்பாக்கியை இஷ்டத்துக்கு இறக்குமதி செய்ய முடியாது என்றாகிவிட்டதால், பழைய சீமைத் துப்பாக்கிகளுக்குத் தனி மவுசு. ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனம், குங்குமம், கதம்பம் எல்லாம் உண்டு. குழல் வாய் இரண்டிலும் எலுமிச்சம்பழம் வைத்துப் பார்த்தார்கள், நிற்கவில்லை. சமையற்கட்டு அரிவாள்மனைக்கும் அதே சந்தனம்தான் என்பதில் அவருக்கு வருத்தம். வருஷம் முழுக்க வேலை செய்தது எது என்று வீட்டம்மாள் கேட்டதால் அந்த வருத்தத்தை வெளியே சொல்வதில்லை.

இவருக்குக் கைத்துப்பாக்கி ஆசை வந்தது 2019 ஆகஸ்டில். புற்றடி ஏல மையத்தில் ஏலக்காய் கிலோ ஏழாயிரம் ரூபாயைத் தொட்ட மாதம் அது. ராத்திரியோடு ராத்திரியாகத் தட்டையில் இருந்த சரத்தையே அறுத்துக்கொண்டு போகிறார்கள் என்று மலை முழுக்கப் பேச்சு. "கையில காசோட நடமாடுறவன், இடுப்புல ஒண்ணு இருக்கணும்ல?" என்றார். ஏலம் கம்ப்யூட்டருக்குப் போய், பணம் பாங்க் கணக்கில் விழ ஆரம்பித்து வருஷக்கணக்காகிறது. அவர் கையில் கொண்டுபோகும் தோல்பையில் இருப்பது டிபன் பாக்ஸ், பிரஷர் மாத்திரை, முகம் துடைக்க ஒரு துண்டு. இருந்தாலும் ஆசைக்குக் கணக்குப்புத்தகம் காட்ட முடியாது.

எதை வாங்குவது என்பதை டீக்கடை பெஞ்சில் ஒரு மாதம் விவாதித்தார்கள். ஒன்பது எம்.எம். பிஸ்டல் என்று சினிமா பார்த்துவிட்டு வந்த ஒருவன் சொன்னான். அது தடை செய்யப்பட்ட வகை, நம் போன்றவர்களுக்குக் கிடையாது என்று தோட்டாக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எட்டு எம்.எம். என்றால் ஏலக்காய், ஒன்பது எம்.எம். என்றால் ஜெயில் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். மிச்சமிருந்தது பாயிண்ட் முப்பத்திரண்டு. கான்பூர் அரசுத் தொழிற்சாலை ரிவால்வரா, இச்சாப்பூர் 'அசனி' பிஸ்டலா? பிஸ்டலில் தோட்டா சிக்கிக்கொள்ளும் என்று ஒரு கட்சி. ரிவால்வரில் ஆறுதானே போடலாம், ஏழாவது திருடனை என்ன செய்வது என்று இன்னொரு கட்சி. அப்போது பெஞ்சின் ஓரத்திலிருந்த பெரியவர் ஒருவர் வாயைத் திறந்தார். "1967 ஜனவரி 12. எம்.ஆர்.ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டாரு, தன்னையும் சுட்டுக்கிட்டாரு. அதே ரூம்ல, அத்தனை பக்கத்துல. ரெண்டு பேரும் பிழைச்சுக்கிட்டாக. கைத்துப்பாக்கியை நம்பி யாரு காசைப் போடுவா?" பெஞ்சு அன்றைக்கு அதோடு கலைந்தது.

ஆனாலும் அவர் விடவில்லை. 2014-ல் கான்பூரில் 'நிர்பீக்' என்று ஒரு ரிவால்வர் வெளியிட்டார்கள். டெல்லி மாணவிக்கு நடந்த பாலியல் கொடுமைக்குப் பிறகு பெண்களின் பாதுகாப்புக்கென்றே செய்தது. எடை அரைக் கிலோவை ஒட்டி, விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். ஏலக்காய் வியாபாரியின் மூளை எதையும் கிலோவில்தான் பார்க்கும். "கிலோ ரெண்டரை லட்சம் போல வருது. முதல் தரக் காயே ஏழாயிரத்தைத் தாண்டலையே" என்று அசந்துபோனார். வீட்டம்மாள் கேட்ட கேள்விகள் வேறு. "பொம்பளைகளுக்குன்னு செஞ்சதை நீங்க எதுக்கு வாங்குறீங்க?" என்பது முதலாவது. அது அரக்குச் சிவப்பில் நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டியில் வருகிறது என்று தெரிந்ததும் இரண்டாவது: "பெட்டி மட்டும் தருவானா?"

கடைசியில் விண்ணப்பம் போட்டார். தேனி கலெக்டர் ஆபீஸ், தாசில்தார், போலீஸ் ஸ்டேஷன் என்று காகிதம் மூன்று திசையில் கிளம்பியது. துப்பாக்கியைக் கையாளப் பயிற்சி பெற்றதற்கு ஒரு சான்று, உடம்பும் மனசும் நன்றாக இருப்பதற்கு டாக்டர் கொடுக்கும் ஒரு சான்று. இரண்டாவதை வாங்கி வந்த அன்று வீட்டில் அதைக் கண்ணாடி போட்டு மாட்டலாமா என்று யோசனை நடந்தது. "முப்பத்தெட்டு வருஷமா எனக்கு இருந்த சந்தேகத்தை டாக்டர் அஞ்சு நிமிஷத்துல தீர்த்துட்டாரே" என்றார் அம்மாள்.

சிக்கல் வந்தது ஒரு கேள்வியில்தான். கைத்துப்பாக்கி கேட்பவருக்கு உயிருக்கு அச்சுறுத்தல் உண்டா, யாரால்? யோசித்து யோசித்துப் பார்த்தார், ஒருவரும் அகப்படவில்லை. அறுபத்தைந்து வயதில் ஒரு விரோதியைக்கூடச் சம்பாதிக்காமல் இருந்துவிட்டோமே என்ற ஏக்கம் முதல் தடவையாக வந்தது. வரப்புத் தகராறு உள்ள பங்காளி வீட்டுக்கு ராத்திரி போய், "தம்பி, என்னை மிரட்டுனதா ஒரு வார்த்தை போட்டுக்கிடட்டுமா?" என்று பணிவாகக் கேட்டார்.

"அது எப்படிண்ணே? நானும் லைசென்ஸுக்கு எழுதிக் கொடுத்துருக்கேன். உங்க பேரைத்தான் போட்டுருக்கேன்."

இந்த இழுபறியில் டிசம்பர் வந்துவிட்டது. அந்த மாதம் ஆயுதச் சட்டத்தைத் திருத்தினார்கள். 1959-ஆம் வருஷச் சட்டம் இது. ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. லைசென்ஸின் ஆயுள் மூன்று வருஷத்திலிருந்து ஐந்தானது. கல்யாணத்தில், திருவிழாவில் வானத்தைப் பார்த்துச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் இரண்டு வருஷம் வரை ஜெயில் அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். (வடக்கே மாப்பிள்ளை அழைப்பில் வேட்டுக்குப் பதில் தோட்டா போடும் ஊர்கள் உண்டு. நம் பக்கத்தில் அந்தத் தொல்லை இல்லாததற்கு ஆயிரம்வாலா தயாரிக்கும் சிவகாசிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.) தோட்டாக்காரரிடம் கிரீனர் ஒன்று, அப்பா வாங்கிய ஒற்றைக்குழல் ஒன்று ஏற்கெனவே இருந்தன. ரிவால்வர் வந்தால் ஒன்று போக வேண்டும். தாத்தாவா அப்பாவா என்று கேட்டால் எந்தப் பிள்ளை பதில் சொல்லும்? அந்த வேதனையை அரசாங்கமே தீர்த்துவைத்தது. விசாரித்த போலீசார், 'மனுதாரருக்கு ஊரில் விரோதிகள் எவரும் இல்லை' என்று எழுதிவிட்டார்கள். விண்ணப்பம் திரும்பிவிட்டது. வேறு எந்த மனிதனும் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளும் நற்சான்று அது. இவர் ஒரு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆகவே கிரீனரோடுதான் குடித்தனம். அதிலும் ஒரு சங்கடம். லைசென்ஸ் புத்தகத்தில் அது செல்லுபடியாகும் பகுதி என்று ஓர் இடம் இருக்கிறது. அதில் தமிழ்நாடு என்று எழுதியிருக்கிறது. தோட்டமோ இடுக்கி மாவட்டத்தில். போடியிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. செக்போஸ்டைத் தாண்டினால் கேரளம். பயிரைக் காக்க வாங்கிய துப்பாக்கி பதினேழாவது வளைவோடு நின்றுவிடுகிறது, பயிர் அங்கிட்டு இருக்கிறது. பகுதியை விரிவாக்கக் கேட்டு எழுதிப் போட்ட மனு கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தது வரைக்கும் தகவல் உண்டு.

2022-ல் கேரள அரசு, விளைச்சலை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களைப் பஞ்சாயத்தே கூப்பிட்டுச் சுடச் சொல்லலாம் என்றானது. பக்கத்துத் தோட்டத்துச் சேட்டனுக்கு அந்த அழைப்பு வந்தது. இவர் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் நின்று வயிறெரிந்தார். தமிழ்நாட்டில் பன்றியைச் சுடுவதென்றாலும் வனத்துறை ஆட்கள்தான் சுட வேண்டும். ஒரு மனிதனிடம் துப்பாக்கி இருந்தும், பன்றி இருந்தும், இரண்டையும் ஒரே மாநிலத்தில் சந்திக்கவைக்க முடியாதது பெரிய கொடுமைதான். பன்றிகளுக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரிந்திருக்கும் என்று அவர் உறுதியாக நம்புகிறார்.

2023 மே 27 அன்று காலை அரிக்கொம்பன் கம்பம் ஊருக்குள் வந்துவிட்டது. சின்னக்கானலில் பிடித்து பெரியாறு காட்டில் விட்ட யானை, மேகமலை சுற்றி நம் மாவட்டத்துத் தெருவுக்கே வந்து ஆட்டோவை உருட்டியது. கம்பத்தில் 144 போட்டார்கள். போடியில் தோட்டாக்காரர் கிரீனரை எடுத்து எண்ணெய் போட்டார்.

"போடிப் பக்கம் வரட்டும், பார்த்துக்கிறேன்."

"வந்தா ஆனை பார்த்துக்கும்" என்றார் அம்மாள்.

யானை மேல் கை வைத்தால் வனவிலங்குச் சட்டத்தில் ஜாமீன் கிடைப்பதே கஷ்டம். அந்தப் பன்னிரண்டு போர் ரவை அதன் தோலில் பட்டால் கொசு கடித்ததாக நினைத்துக்கொண்டு காதை ஆட்டும். ஜூன் 5-ல் மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். "நம்ம ஏரியாவுக்குள்ள வரவே இல்ல, பார்த்தியா?" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக் காவலுக்காவது ஆகுமே என்பீர்கள். துப்பாக்கியைப் பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்று எழுதிக் கொடுத்திருப்பதால் அது மாடியில் இரும்பு பீரோவில் இருக்கிறது. தோட்டா கீழே பூஜை அறையில், சாமி படத்துக்குப் பின்னால். பீரோ சாவி அம்மாளின் சுருக்குப்பையில், சுருக்குப்பை தலையணைக்கு அடியில். படிப்பதற்கு மூக்குக்கண்ணாடி இன்னொரு ரூமில். ஒரு நாள் ராத்திரி கரண்ட் போயிருந்த நேரம், ஸ்டோரில் காய் உலர்த்திவிட்டு வந்த டிரைவரைத் திருடனாக வைத்து ஒத்திகை பார்த்தார்கள். முதலாளி மாடி ஏறி, இறங்கி, கண்ணாடி தேடி, குழலையும் கட்டையையும் பூட்டி, தோட்டா போட்டு நிமிர்ந்தபோது திருடன் காபி குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்திருந்தான்.

மச்சினர் வக்கீல். அவர் வந்தால் இவருடைய தைரியம் இன்னும் குறையும். "அத்தான், ஓடுறவன் முதுகுல சுட்டா அது தற்காப்பு இல்ல. தேவைக்கு மேல தீங்கு செய்யப்படாது. இப்ப 2024 ஜூலையில இருந்து நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்துல, சூரியன் மறைஞ்சு உதிக்கிறதுக்குள்ள வீட்டை உடைச்சு நுழைஞ்சான்னாத்தான் அந்த உரிமை கொஞ்சம் அகலம்" என்றார். அன்றிலிருந்து தோட்டாப் பெட்டி பக்கத்தில் பாம்புப் பஞ்சாங்கம் ஒன்று இருக்கிறது, உதய நேரம் பார்ப்பதற்கு.

நிஜமான காவல் வாசலில் கட்டியிருக்கும் இரண்டு நாய்களும், எதிர் வீட்டு ஆச்சியும்தான். ஆச்சிக்குத் தூக்கமே வராது; லைசென்ஸும் தேவையில்லை.

இதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. போடி சாதாரணத் தொகுதி இல்லை. 1989-ல் ஜெயலலிதா முதன்முதலாகச் சட்டமன்றத்துக்குப் போனது இங்கிருந்து, பிறகு ஓ.பன்னீர்செல்வம் மூன்று தடவை ஜெயித்தார். தேர்தல் என்றால் ஊர் முழுக்கப் பரபரப்பு. தேதி அறிவித்ததும் லைசென்ஸ்காரர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். நாடாளுமன்றம், சட்டமன்றம், நகராட்சி, ஊராட்சி என்று மாற்றி மாற்றி வருவதால் கிரீனர் ஒரு அரசு ஊழியர் போல ஸ்டேஷனுக்குப் போய் வருகிறது. 2024-ல் மார்ச் 16-ல் அறிவிப்பு, ஜூன் 4-ல் ஓட்டு எண்ணிக்கை. இடைப்பட்ட அந்த இரண்டரை மாதமும் தோட்டாக்காரர் ரொம்பப் புலம்பினார்: "இப்ப திருடன் வந்தா கவர்மெண்டா பொறுப்பு?" அம்மாள் சொல்லும் கதை வேறு. அந்த இரண்டரை மாதமும் மனிதர் பாதி ராத்திரியில் எழுந்து பீரோவை இழுத்துப் பார்க்காமல், விடியும்வரை குறட்டை விட்டாராம்.

இப்போது அவருக்கு எழுபது ஆகிவிட்டது. எழுபதானாலோ, இருபத்தைந்து வருஷம் வைத்திருந்தாலோ துப்பாக்கியை வாரிசு பேருக்கு மாற்றிக் கேட்கலாம் என்று விதியில் இடமிருக்கிறது. மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி. "அப்பா, எங்க அப்பார்ட்மெண்ட்ல நாய் வச்சுக்கவே மீட்டிங் போடுறாய்ங்க" என்று கழன்றுகொண்டான். மருமகன் என்ன விலை போகும் என்று மட்டும் விசாரித்தார். மகள் கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவள், பாயிண்ட் இருபத்திரண்டு ரைபிளில் சுட்டு மெடல் வாங்கியவள். அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறையில் குறி பார்த்ததைச் சுட்டவள் அவள் ஒருத்திதான். "எனக்குக் கொடுங்கப்பா" என்றாள்.

"பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கும்மா அதெல்லாம்?" என்று இழுத்தார்.

அம்மாள் சுருக்குப்பையை இடுப்பில் செருகிக்கொண்டே சொன்னார்: "யாரு பேருக்கு வேணாலும் எழுதுங்க. சாவி எங்கிட்டதான் இருக்கும்."